இடியும் மழையும் சூரியத் தகடும்: பேராக் தோட்ட நிலங்களைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி

கோலகங்சார் நகரில், மாவட்ட நில அலுவலகத்தின் அருகே, வேலியிட்டுப் பாதுகாக்கப்பட்டு வரும் ஒரு முதிய ரப்பர் மரம் நிற்கிறது. 1877ஆம் ஆண்டில், பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோவின் காலத்தில் அங்கே நடப்பட்ட ஒன்பது கன்றுகளின் ஞாபகமாக எஞ்சி நிற்கும் அம்மரத்தின் வம்சம் பெருகிப் பரவியதனாலேதான், தஞ்சையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் புறப்பட்டுக் கப்பலேறிய நம் முன்னோர் இப்பிரதேசத்தின் குன்றுகளில் நிரை பிடித்துப் பால் வெட்டி, லயங்களில் குடித்தனம் நடத்தி, இந்த மண்ணின் காற்றையும் மழையையும் தம் உடம்பினாலேயே அறிந்து வாழ்ந்தார்கள். பால்மரம் வெட்டுண்டு செம்பனை வந்தது. செம்பனை நின்ற சில இடங்களில் இன்று வீட்டு மனைகளும் தொழிற்பேட்டைகளும் வந்திருக்கின்றன. அவற்றோடு, வரிசை வரிசையாக வானத்தைப் பார்த்துச் சாய்ந்து கிடக்கும் சூரியத் தகடுகளும் வரத் தொடங்கியிருக்கின்றன.

பீடோரில் 50 மெகாவாட் திறனுள்ள சூரிய மின் நிலையம் ஒன்று, அரசாங்கத்தின் பெருஞ்சூரியத் திட்ட ஏலத்தின் நான்காம் சுற்றில் அனுமதி பெற்று எழுந்தது. கிரியான் மாவட்டத்தில், தோட்ட நிலத்தின் மீதே, சூரிய சக்தியைப் பிரதான ஆதாரமாகக் கொண்ட பசுமைத் தொழிற்பேட்டையொன்று திட்டமிடப்பட்டுள்ளது. ஈப்போ நகரின் வீட்டுக் கூரைகளிலோ தகடு பதிப்பது இப்பொழுது சாதாரணக் காரியமாகிவிட்டது. இவை யாவும் வரவேற்கத்தக்கவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இருபத்தைந்து ஆண்டு உழைக்குமென்ற நம்பிக்கையின் பேரில் நடப்படும் இந்தச் சாதனங்கள், இருபத்தைந்து ஆண்டுக் காலத்து இடியையும் பெருங்காற்றையும் மழைவெள்ளத்தையும் தாங்கி நிற்பதற்கு என்ன ஏற்பாடு செய்யப்படுகிறது என்ற கேள்வியை, தகடு விற்போரும் வாங்குவோரும் வேண்டிய அளவு சிரத்தையோடு கேட்பதாகத் தெரியவில்லை. இக்கேள்விக்கு உரிய விடையின் பெரும்பகுதி, இதே நிலத்தில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தோட்டம் நடத்தியவர்களும் தோட்டத்தில் உழைத்தவர்களும் சேர்த்து வைத்த அனுபவத்திலேயே கிடைக்கிறது என்பதுதான் இக்கட்டுரையில் நான் நிலைநாட்ட விரும்பும் கருத்து.

மலேசியா பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் இங்கே புயல் வாராது என்பது நம்மிடையே வேரூன்றிய நம்பிக்கை. பூமியின் சுழற்சியால் காற்றுக்கு ஏற்படும் வளைவு பூமத்திய ரேகையை நெருங்க நெருங்கக் குறைந்து போவதால், இப்பகுதியில் சுழற்புயல் உருவாவது அரிது என்பது உண்மையே. எனினும் 2001ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் வாமெய் என்னும் புயல் ஏறக்குறைய ஒன்றரைப் பாகை அட்சரேகையில் உருவாகி ஜொகூரில் கரையேறி, வானிலை அறிஞர்களையே வியப்பில் ஆழ்த்திற்று. 2025 நவம்பர் இறுதியில், மலாக்கா நீரிணையிலேயே உருக்கொண்ட சென்யார் புயல் சுமத்திராவின் வடபகுதியில் பேரழிவை விளைவித்துவிட்டு, வலுக்குன்றிய நிலையில் தீபகற்பத்தின் மேற்குக் கரையையும் வந்து தொட்டது. கால் நூற்றாண்டுக்குள் நிகழ்ந்த இவ்விரு சம்பவங்களும், அரிது என்ற சொல்லை இல்லை என்று பொருள் கொள்ளலாகாது என்பதற்குப் போதிய சாட்சியங்கள்.

ஆயினும் பேராக் வாசிகளுக்கு அன்றாட அபாயம் இத்தகைய பெரும் புயல்களால் வருவதன்று. தென்மேற்குப் பருவக் காலத்தில், விடிவதற்குச் சற்று முன்பாக, சுமத்திராவின் பக்கமிருந்து நீரிணையைக் கடந்து சுவர்போல் எழுந்து வரும் கருமேக வரிசையொன்று உண்டு; மாலுமிகள் அதைச் சுமத்திரா என்றே பெயரிட்டு அழைத்து வந்தார்கள். அது ஓரிரு மணி நேரம் கரையோரத்தைச் சுழற்றியடித்துவிட்டு ஓய்ந்துவிடும். உள்நாட்டிலோ, கிழக்கே தித்திவங்சா மலைத்தொடரும் மேற்கே கிளேடாங் குன்றுகளும் அரண்போல் நிற்க, இடையே கிடக்கும் கிந்தாப் பள்ளத்தாக்கில் நண்பகல் வெயில் ஏறி, கடற்காற்று ஈரத்தைச் சுமந்து வந்து மலைச்சரிவில் மோத, பிற்பகல் மூன்று நான்கு மணிக்கெல்லாம் இடிமேகம் கவிந்துவிடுகிறது. பருவக்காற்றுகள் திசை மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இதன் உக்கிரம் மிகுதி. அந்த மேகம் உடைந்து பொழியும்போது, குளிர்ந்த காற்று செங்குத்தாகக் கீழிறங்கித் தரையில் மோதி நாற்புறமும் சிதறி ஓடுகிறது. அது நீடிப்பது சில நிமிஷங்களே. ஆனால் அந்தச் சில நிமிஷங்களில் லயத்துத் தகரக் கூரைகள் பெயர்ந்து பறந்ததையும், அதற்கு அஞ்சிக் கூரையின் மேல் கல்லையும் கட்டையையும் பாரமாக ஏற்றி வைத்ததையும் தோட்டத்தில் வளர்ந்தவர் எவரும் மறந்திருக்கமாட்டார்.

கட்டடங்களின் மேல் காற்று செலுத்தும் பாரத்தைக் கணக்கிட மலேசியாவில் வகுக்கப்பட்ட 1553ஆம் எண் தரநிலை, தீபகற்பத்தை இரு மண்டலங்களாகப் பிரித்து, வினாடிக்கு 33.5 மீட்டர், 32.5 மீட்டர் என்ற வேகங்களை அடிப்படையாக விதிக்கிறது. சென்னைக்கு இந்தியத் தரநிலை விதிக்கும் வேகம் வினாடிக்கு 50 மீட்டர். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்துப் பெருகுவதால், சென்னைக் கூரையின் மேல் விழும் பாரம் ஈப்போக் கூரையின் மேல் விழுவதைப்போல் இரண்டு மடங்குக்கும் சற்று அதிகம் என்று ஆகிறது. இதைக் கேட்டு ஈப்போக்காரர் நிம்மதி அடைவதற்கு முன்னால் மற்றொரு சிறு கணக்கையும் பார்க்கவேண்டும். 33.5 மீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டரின் மேல் ஏறக்குறைய 70 கிலோ எடைக்குச் சமமான விசையைச் செலுத்துகிறது. இக்காலத்துத் தகடொன்றின் பரப்பு இரண்டரைச் சதுர மீட்டர் என்று கொண்டால், அதனை மேல்நோக்கி இழுக்கும் விசை 175 கிலோவை எட்டுகிறது. தகட்டின் சொந்த எடையோ 30 கிலோவை ஒட்டியது. கூரையின் விளிம்பிலும் மூலையிலும் உறிஞ்சும் விசை இன்னும் கூடுதலாகும். ஆகவே தகடு கூரையின் மேல் கிடப்பதாக நாம் எண்ணிக்கொண்டாலும், பெருங்காற்றின்போது நான்கு பிடிகள்தாம் அதைக் கூரையோடு கட்டி வைத்திருக்கின்றன. அப்பிடிகள் எதில் திருகப்பட்டிருக்கின்றன என்பதே விஷயம். கூரைச் சட்டத்தில் ஆழமாக இறங்கிய திருகும், தகரத்தில் மட்டும் நுழைந்து நிற்கும் திருகும் வெளிப் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும்.

2017 செப்டம்பரில் மரியா என்னும் பெரும்புயல் போர்ட்டோ ரிக்கோத் தீவைத் தாக்கியபோது, சில சூரிய நிலையங்கள் சிதறிப் போயின. சில ஏறக்குறையச் சேதமின்றித் தப்பின. சான் ஹுவான் நகரத்து முன்னாள் படைவீரர் மருத்துவமனையின் 645 கிலோவாட் கூரைத் தகடுகள் புயலுக்குப் பின்னும் முழு அளவில் மின்சாரம் தந்தன. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் தேடி ராக்கி மௌண்டன் இன்ஸ்டிடியூட் 2018இல் வெளியிட்ட ஆராய்ச்சி, குற்றத்தைப் பெரும்பாலும் சிறிய பொருள்களின் மேலேயே சுமத்திற்று. இரண்டு தகடுகளுக்கு இடையே ஒரே பிடியை வைத்து இரண்டையும் சேர்த்து அழுத்தும் முறையில், ஒரு தகடு நழுவினால் அடுத்ததின் பிடியும் தளர்ந்து, வரிசை முழுவதுமே ஒன்றன்பின் ஒன்றாகப் பெயர்ந்து போகிறது. தகட்டின் சட்டத்தினூடே போல்ட் செலுத்தி முடுக்கிய இடங்களிலோ சேதம் குறைந்தது. காற்றின் அதிர்வால் தளராத பூட்டு நட்டுகளை உபயோகிப்பதும், முடுக்கிய அளவு சரியா என்று கருவி கொண்டு சோதிப்பதும் தப்பிய நிலையங்களின் லக்ஷணங்களாக இருந்தன. சில காசு விலையுள்ள ஒரு நட்டின் தளர்ச்சியால் கோடிக்கணக்கான மூலதனம் காற்றில் போவதைக் காணும்போது, நம் தச்சர்களும் கொல்லர்களும் இணைப்புகளின் பேரில் ஏன் அத்தனை கண்டிப்பாக இருந்தார்கள் என்பது விளங்குகிறது.

தோட்டத் தொழிலின் சரித்திரத்திலும் இதே பாடம் வேறொரு வடிவத்தில் எழுதப்பட்டிருக்கிறது. 1925இல் நிறுவப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம், மிகுதியாகப் பால் தரும் ஒட்டு மரங்களை வளர்த்தெடுத்தபோது, அவற்றுள் சில காற்றடித்தால் நடுமரத்தில் முறிந்து விழும் இயல்புடையவை என்பதைக் கண்டுகொண்டது. ஏட்டில் உயர்ந்த மகசூல் காட்டிய மரம் குன்றின் முகட்டில் நடப்பட்டால் பத்து வருஷத்தில் விறகாகிவிடும் என்பதைத் துரைமார்கள் நஷ்டப்பட்டே தெரிந்துகொண்டார்கள். அதன் பயனாக 1970களில் அக்கழகம் எந்த மண்ணுக்கு, எந்தக் காற்றுக்கு, எந்த நோய்ச் சூழலுக்கு எந்த மரம் ஏற்றது என்று இடத்துக்கு இடம் வகுத்துச் சொல்லும் நடவு முறையை வெளியிட்டு, என்விரோமாக்ஸ் என்று அதற்குப் பெயரிட்டது. நாடு முழுவதற்கும் ஒரே மரம் என்ற எண்ணம் கைவிடப்பட்டது. சூரிய நிலையங்களை அமைப்போர், ஒரே வரைபடத்தைக் கெடாவிலும் பேராக்கிலும் ஜொகூரிலும் பிரதி செய்யும் வழக்கத்தைக் காணும்போதெல்லாம், ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே இங்கு கற்கப்பட்ட இப்பாடம் என் நினைவுக்கு வருகிறது.

இனி இடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்நாட்டில் சூரியத் தகடுகளின் தலையாய பகை அதுவே என்று நான் கருதுகிறேன். தீபகற்பத்தின் மேற்குப் பகுதியிலுள்ள சில வானிலை நிலையங்களில், ஆண்டொன்றில் ஏறக்குறைய 200 நாட்கள் இடிமுழக்கம் கேட்கிறது. உலகில் இதற்கு ஈடான இடங்கள் சிலவே. பால்மரத்தடியில் வாளியும் கத்தியுமாக நின்றவர்களுக்கு இந்த எண்ணிக்கையின் அர்த்தத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. மின்னல் ஒரு ரப்பர் மரத்தில் இறங்கினால் அந்த மரம் ஒன்று மட்டும் சாவதில்லை என்பதும் அவர்கள் கண்டது. அதைச் சூழ்ந்து நிற்கும் மரங்கள், முதல் நாள் பார்வைக்குப் பழுதில்லாமல் இருந்து, சில நாட்களில் பட்டை வெடித்துப் பால் கசிந்து வட்டமாகப் பட்டுப்போகும்.

சூரிய நிலையத்திலும் அச்சொட்டாக இதுவே நிகழ்கிறது. மின்னல் ஒரு வரிசையில் இறங்க, வேறொரு வரிசையின் இன்வெர்ட்டர், அதாவது நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக மாற்றும் கருவி, கருகிப் போகிறது. தகட்டின் பின்புறப் பெட்டியில் இருக்கும் டயோடுகள், நிழல் விழும்போது தகட்டைக் காக்கும் பொருட்டு அமைந்தவை. மின்னலின் அதிர்ச்சியால் அவை ஓசையின்றிப் பழுதாகி, பல மாதங்கள் சென்ற பின்னர் ஒரு பகற்பொழுதில் தகட்டின் ஒரு மூலை மட்டும் அளவுகடந்து சூடேறும்போதுதான் சேதம் வெளிப்படுகிறது. நேராக இறங்கிய மின்னலால் உண்டாகும் நஷ்டத்தைவிட, அருகில் எங்கேயோ இறங்கிய மின்னலால் கம்பிகளில் தூண்டப்படும் மின்னழுத்தத்தால் உண்டாகும் நஷ்டமே அடிக்கடி நேர்வது.

இதன் காரணத்தைச் சாதாரண வாசகரும் புரிந்துகொள்ளலாம். தகடுகளிலிருந்து மின்சாரத்தைக் கொண்டு செல்லும் இரு கம்பிகளில், போகும் கம்பி ஒரு வழியாகவும் திரும்பும் கம்பி மற்றொரு வழியாகவும் இழுக்கப்பட்டால், அவற்றுக்கு இடையே ஒரு பெரிய வளையம் உண்டாகிறது. ஐம்பது மீட்டர் தூரத்தில், ஒரு மைக்ரோ வினாடிக்குள் 30,000 ஆம்பியர் அளவுக்கு எழும்பும் மின்னல் ஒன்று இறங்குவதாக வைத்துக்கொள்வோம். அந்த வளையத்தின் பரப்பு பத்துச் சதுர மீட்டராயின், அதில் தூண்டப்படும் அழுத்தம் சுமார் 1,200 வோல்ட். வளையம் ஐம்பது சதுர மீட்டராயின் 6,000 வோல்ட். அதே இரு கம்பிகளையும் ஒன்றையொன்று தழுவி ஓடும்படி கட்டி, வளையத்தின் பரப்பை அரைச் சதுர மீட்டராகக் குறைத்துவிட்டால், அழுத்தம் 60 வோல்ட்டாக இறங்கிவிடுகிறது. இதற்கென்று தனிச் செலவு ஏதுமில்லை. கம்பி இழுப்பவர் சிறிது ஜாக்கிரதையாக இருந்தால் போதும். அதன் பிறகு, எஞ்சும் அதிர்ச்சியை மண்ணுக்குத் திருப்பிவிடும் அலைத்தடுப்புக் கருவிகளை நேர்மின் பக்கத்திலும் மாறுமின் பக்கத்திலும், சாதனத்துக்கு அருகிலேயே, குட்டையான கம்பியோடு அமைக்க வேண்டும். அவை தம்மைத் தியாகம் செய்து இன்வெர்ட்டரைக் காப்பவை. ஆகவே ஒவ்வொரு இடிக்காலத்துக்குப் பின்னும் அவற்றின் அடையாளச் சாளரம் பச்சையா சிவப்பா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். செத்துப்போன அலைத்தடுப்பை மாற்றாமல் விட்டிருக்கும் வீட்டுக்காரர், தம் வீட்டில் பாதுகாப்பு இருக்கிறது என்று நம்பிக்கொண்டே அடுத்த இடிக்குக் காத்திருக்கிறார்.

இடிதாங்கியும் அலைத்தடுப்பும் தாம் பெற்றதை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கின்றன? மண்ணில். இங்கேதான் பேராக்கின் நிலவியல் குறுக்கிடுகிறது. மின்னல் பாதுகாப்பில் மண்ணிணைப்பின் தடை பத்து ஓமுக்கு மேற்படாதிருப்பது நலம் என்பது சர்வதேசத் தரநிலையின் பரிந்துரை. ஈரக் களிமண்ணில் ஒரு செம்புத் தண்டை அடித்து இறக்கினாலே இது கைகூடிவிடலாம். ஆனால் கிந்தாப் பள்ளத்தாக்கின் பெரும்பகுதி, வெள்ளீயச் சுரங்கக்காரர்கள் மண்ணை நீரால் கரைத்து, வெள்ளீயத்தை எடுத்துக்கொண்டு, அலசிய மணலை மேடுமேடாகக் கொட்டிவிட்டுப் போன நிலம். உலர்ந்த மணல் மின்சாரத்துக்கு எளிதில் வழிவிடாது. வெள்ளை மணல் மேட்டில் ஒற்றைத் தண்டை இறக்கிவிட்டு மண்ணிணைப்பு முடிந்தது என்று கையெழுத்திடுவது, தண்ணீரில்லாக் கிணற்றில் ஏற்றம் கட்டுவதை ஒக்கும். அத்தகைய இடங்களில் நிலத்தடி நீர் மட்டம் வரை தண்டுகளை ஆழமாக இறக்குவதும், நிலையத்தைச் சுற்றி மண்ணுக்குள் செம்பு அல்லது துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டையை வளையமாக ஓடவிடுவதும், தகடுகளைத் தாங்கும் நூற்றுக்கணக்கான இரும்புத் தூண்களையே அவ்வளையத்தோடு பிணைத்து ஒரே மண்ணிணைப்பாக ஆக்கிக்கொள்வதும் தக்க உபாயங்கள். தடையை அளப்பதும் மழை பெய்த மறுநாளில் அல்லாமல், வெயில் காய்ந்த வாரத்தில் நடைபெற வேண்டும்.

மழைக்கு வருவோம். தைப்பிங் நகரம் தீபகற்பத்திலேயே மழை மிகுந்த ஊர் என்று பெயர் பெற்றது. ஈப்போவிலும் மழைக்குக் குறைவில்லை. மணிக்கு 50 மில்லிமீட்டர் மழை பேராக்கில் அதிசயமில்லை. அந்த மழையில், ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து வைத்த இரண்டு தகடுகளின் கீழ் விளிம்பிலிருந்து ஒரு மணி நேரத்தில் 250 லிட்டர் நீர், ஒரு மீட்டர் சொச்சம் அகலமுள்ள ஒரே கோட்டில் மண்ணின்மேல் விழுகிறது. கூரை இறவாணத்தின் கீழ் வாசல் மண் குழிந்துபோவதைப் பார்த்திருக்கிறோம். நூறு ஏக்கர் நிலத்தில், ஆயிரக்கணக்கான இறவாணங்கள் ஒரே சமயத்தில் கொட்டுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். தூண்களின் அடிமண் அரிக்கப்பட்டால் அவற்றின் பிடிமானம் குறைகிறது. பிடிமானம் குறைந்த தூணை அடுத்த காற்று அசைத்துவிடுகிறது. காற்றின் கணக்கை ஒருவரும், மண்ணின் கணக்கை வேறொருவரும், நீரின் கணக்கை மூன்றாமவரும் தனித்தனியே போட்டு முடித்தால் இந்தச் சங்கிலித் தொடர்பு எவர் கண்ணிலும் படாமலே போய்விடும்.

தோட்டங்கள் இதை எப்படிச் சமாளித்தன? ஆரம்ப காலத்தில், புல் பூண்டு ஒன்றும் இல்லாமல் நிலத்தைச் சுரண்டித் துடைத்து வைத்திருப்பதே நல்ல தோட்டத்தின் லக்ஷணம் என்று கருதப்பட்டது. அதனால் மேல்மண் ஆற்றோடு போயிற்று. பின்னர் புத்தி வந்து, சரிவுகளில் சமமட்டத்தில் படி வெட்டினார்கள். நீரோடு வரும் வண்டலைப் பிடித்து நிறுத்தக் குழிகள் தோண்டினார்கள். பியூரேரியா, கலப்பகோனியம், சென்ட்ரோசிமா முதலான மூடுபயிர்க் கொடிகளை விதைத்து மண்ணைப் போர்த்தினார்கள். சூரிய நிலையத்துக்கு நிலம் திருத்துவோர் இன்று பழைய தவற்றையே புதிதாகச் செய்வதைப் பார்க்கிறோம்: படிகள் தகர்க்கப்பட்டு, பழைய வடிகால்கள் தூர்க்கப்பட்டு, குன்று முழுவதும் சிவப்பு மண்ணாகத் திறந்து கிடக்க, அந்த நிலையில் அக்டோபர் மழை வந்து இறங்குகிறது. தோட்டத்தின் முறையை அப்படியே பின்பற்றிவிடவும் முடியாது. பியூரேரியா ஏறிப் படரும் கொடி. இரண்டு மாதம் கவனியாமல் விட்டால் தகட்டின் மேலேயே ஏறி நிழல் செய்து, அந்த நிழலாலேயே தகட்டைச் சூடேற்றிக் கெடுத்துவிடும். ஆதலால் தகட்டின் கீழ் படர்ந்து அடங்கும் புல்வகையும், அதை மேய்க்கச் செம்மறியாடுகளும், தகட்டு விளிம்பின் கீழே கல் பாவிய நீர்க்கோடும், சரிவுக்குக் கீழே வண்டல் குளமும் என்று அதே கொள்கையை வேறு உருவத்தில் நிறைவேற்ற வேண்டியிருக்கிறது. நிலத்தை முழுவதும் ஒருங்கே திறக்காமல் பகுதி பகுதியாகத் திறந்து, ஒரு பகுதியில் புல் பிடித்த பின்பே அடுத்ததைத் தொடுவதும் அவசியம்.

மலைச்சரிவின் மேல் பெய்யும் மழை எத்தகைய கோரம் விளைக்கக்கூடியது என்பதைக் கம்பாரை அடுத்த போஸ் டிப்பாங் அறியும். 1996ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் நாள், பெருமழைக்குப் பின் சேறும் மரக்கட்டைகளுமாக மலையிலிருந்து புரண்டு வந்த வெள்ளம் அந்த ஓராங் அஸ்லி குடியிருப்பை வாரிக்கொண்டு போயிற்று. 44 உயிர்கள் மாண்டன. சூரிய நிலையத்துக்கும் அவ்விபத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஆற்றின் மேற்பகுதியில் நிலத்தைத் திருத்துகிற எவரும் கீழ்ப்பகுதியில் வாழ்பவர்களின் உயிருக்குப் பொறுப்பாளி என்பதைப் பற்றி, பேராக்கில் அந்த ஊரின் பெயரைச் சொல்லாமல் பேச முடியாது.

வெள்ளம் இம்மாநிலத்துக்குப் புதிதன்று. 1926ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தைப் பற்றிப் பேராக் நதிக்கரையில் தலைமுறை தலைமுறையாகப் பேசினார்கள். 1967இலும் வெள்ளம் பெருகித் தெலுக் இந்தான் வரை தாழ்நிலங்களை மூழ்கடித்தது. சமதரையில் அமையும் சூரிய நிலையத்துக்கு வெள்ளத்தால் நேரும் கேடு விசித்திரமானது. தகடுகள் உயரத்தில் இருப்பதால் தப்பிவிடலாம்; தரையை ஒட்டி வைக்கப்பட்ட இன்வெர்ட்டரும் மின்மாற்றியும் இணைப்புப் பெட்டிகளும் சேற்றில் மூழ்கிவிடுகின்றன. நூறாண்டுக்கு ஒருமுறை எழும் வெள்ளமட்டத்துக்கு மேலே அவற்றை மேடை கட்டி ஏற்றிவிடுவது முதற் செலவில் சிறு கூடுதலே. இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு; ஈப்போவில் தாழ்வான குடியிருப்புகளில் கூரைத் தகடு பதித்திருப்போர் அவசியம் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். மின்வாரியத்தின் இணைப்பைத் துண்டித்துவிட்டாலும், வெயில் பட்டுக்கொண்டிருக்கும் வரை தகடு மின்சாரத்தை உற்பத்தி செய்துகொண்டேயிருக்கும். மேகம் கலைந்து சூரியன் தலைகாட்டியவுடன், நீரில் நனைந்த கம்பியில் பல நூறு வோல்ட் நேர்மின் அழுத்தம் ஏறிவிடுகிறது. வெள்ளம் வடிந்த மறுநாள் காலையில் வீட்டைக் கழுவ இறங்கும் தாய்மார்களுக்கு இந்த அபாயத்தை யார் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள்?

நதியைப் பற்றிப் பேசும்போது செண்டரோ அணையை விட்டுவிட முடியாது. கிந்தாவின் வெள்ளீயச் சுரங்கங்களுக்கு மின்சாரம் தரும் பொருட்டு, பேராக் நதி நீர்மின் கம்பெனி 1920களின் பிற்பகுதியில் கட்டத் தொடங்கி, 1930இல் இயங்க வைத்த அவ்வணை இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. 2023இல் வெளியான தேசிய எரிசக்தி மாற்றத் திட்டத்தில், நீர்மின் அணைகளின் ஏரிப்பரப்பின்மேல் 2,500 மெகாவாட் அளவுக்கு மிதக்கும் தகடுகளை அமைப்பதாகத் தெனாகா நேஷனல் நிறுவனத்தின் யோசனையொன்று இடம்பெற்றது. நிலத்தை அழிக்காத இம்முறை எனக்கு மிகவும் உகந்ததாகவே தோன்றுகிறது. எனினும் பிறர் பட்ட பாட்டைக் கண்டு எச்சரிக்கையடைவது நமக்கு நல்லது. ஜப்பானில் சீபா மாநிலத்து யாமாகுரா அணையில் 13.7 மெகாவாட் மிதவை நிலையம் 2019 செப்டம்பர் 9ஆம் நாள் ஃபக்சாய் புயலில் நங்கூரம் அறுந்து, தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து குவிந்து தீப்பற்றி எரிந்தது. நர்மதை நதியில் ஓங்காரேசுவரத்து மிதவை நிலையத்தை 2024 ஏப்ரலில் ஒரு கோடைக்காற்றே குலைத்துவிட்டது. புயலென்று பெயர் பெறாத, நம் ஊரில் பிற்பகலில் அடிக்கும் காற்றை ஒத்த காற்று அது. மிதவை நிலையத்தின் விளிம்பு வரிசைகளின்மேல் காற்றின் முழு வேகமும் விழுகிறது. அங்கே நங்கூரக் கயிறுகள் நெருக்கமாகவும், நீர்மட்டம் ஏறி இறங்கும்போது இழுவை சமமாகப் பகிரும்படியும் அமையாவிட்டால், ஒரு கயிற்றின் பாரம் அடுத்த கயிற்றுக்கு மாறி, அதுவும் அறுந்து, முழுவதும் கட்டவிழ்ந்துவிடும். கூரையிலே பிடி நழுவிய கதைதான் நீரிலும் நடக்கிறது.

இத்தனை உபாயங்களும் அறியப்பட்டிருக்க, அவை ஏன் எல்லா இடங்களிலும் கைக்கொள்ளப்படவில்லை? விடை விலையில் இருக்கிறது. 2011 டிசம்பரில் மலேசியா சூரிய மின்சாரத்தைக் கொள்முதல் செய்யத் தொடங்கியபோது, சிறிய வீட்டுக் கூரைக்கு யூனிட் ஒன்றுக்கு 1 ரிங்கிட் 23 சென் வரை கொடுக்கப்பட்டது. பெருநிலைய ஏலத்தின் மூன்றாம் சுற்றில் மிகக் குறைந்த கேட்பு 18 சென்னுக்கும் கீழே இறங்கிற்று. கூரையும் பெருநிலையமும் வேறானவை என்றாலும் போக்கு தெளிவாகிறது. மின்சாரம் மலிவாவது மக்களுக்கு நன்மை. ஆனால் விலையைப் பிழிந்தெடுக்கும்போது முதலில் மெலிவது தூணின் இரும்பும் பிடியின் எண்ணிக்கையும் மண் பரிசோதனையுமே. தகட்டின் கண்ணாடிகூட, முன்பு 3.2 மில்லிமீட்டர் கனத்தில் ஒற்றையாக இருந்தது, இப்போது இருபுறமும் 2 மில்லிமீட்டர் கண்ணாடியாக மெலிந்திருக்கிறது. பரப்போ விரிந்துகொண்டே போகிறது. தொழிற்சாலைப் பரீட்சையில் 2,400 பாஸ்கல் அழுத்தத்தைத் தாங்கியது என்ற சான்றிதழ், குறிப்பிட்ட இடங்களில் குறிப்பிட்ட பிடிகளால் பிடிக்கப்பட்ட தகட்டுக்கே பொருந்தும். பிடியை நான்கு அங்குலம் தள்ளி வைத்துவிட்டால் சான்றிதழுக்கும் அந்தக் கூரைக்கும் சம்பந்தமில்லை. ஏலத்தில் விலையைக் கேட்கும் அதிகாரிகள், இருபது ஆண்டுக் காலப் பராமரிப்புக்கான ஒதுக்கீட்டையும் தூண்களின் பிடுங்குவலிமைச் சோதனையின் முடிவையும் அதே கண்டிப்போடு கேட்டு வாங்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

பராமரிப்பு என்றவுடன் மனிதர்கள் ஞாபகத்துக்கு வருகிறார்கள். தோட்டத்தில் விடியற்காலையில் பெரட்டு என்னும் ஆள்கணக்கு எடுக்கப்பட்டு, ஒவ்வொருவருக்கும் இன்ன நிரை என்று குறிக்கப்பட்டது; தம் நிரையின் ஒவ்வொரு மரத்தையும், எதில் பட்டை காய்ந்திருக்கிறது, எது காற்றில் சாய்ந்திருக்கிறது என்று அந்தத் தொழிலாளி அறிந்திருந்தார். சூரிய நிலையத்துக்கு இத்தகைய கண்கள் வேண்டும். ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ திரையின் முன் அமர்ந்திருப்பவருக்கு ஒரு வரிசையின் உற்பத்தி குறைந்தது தெரியும்; நட்டு தளர்ந்தது தெரியாது, தூணடியில் மண் அரித்தது தெரியாது. சுங்கை சிப்புட்டிலும் தாப்பாவிலும் தோட்டம் கைமாறியபின் வேலையிழந்து நகரத்தின் ஓரங்களில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, முறையான மின்தொழிற் பயிற்சி அளித்து, ஏப்ரல் மழைக்கு முன்னும் அக்டோபர் மழைக்கு முன்னும் வரிசை வரிசையாக நடந்து பார்க்கும் அந்த வேலையை நிரந்தரச் சம்பளத்தோடு கொடுப்பது, நிலையத்துக்கும் நலம், அவர்களுக்கும் நலம். அவர்களுடைய பாட்டன்மார் பெரட்டில் நின்ற இடத்திலேயே அந்தத் தகடுகள் நிற்கின்றன.

மற்றொரு காரியம் இன்னும் அவசரமானது. தோட்டங்கள் விற்கப்படும்போது, அவற்றின் அலுவலகங்களில் இருந்த பழைய வயல் படங்களும் கிராணிமார் எழுதி வைத்த மழைக் கணக்குப் புத்தகங்களும் குப்பையோடு போய்விடுகின்றன. எந்த வயலில் எந்த ஆண்டு காற்றில் எத்தனை மரம் விழுந்தது, எந்தப் பள்ளத்தில் ஊற்றுக் கசிகிறது, எந்த வடிகால் எதற்காக வெட்டப்பட்டது என்பன யாவும் அவற்றில் இருக்கும்; நாள்தோறும் அளந்து எழுதிய மழைக்கணக்கு பல தோட்டங்களில் பல பத்தாண்டுகளுக்கு உண்டு. சூரிய நிலையம் அமைக்க முன்வரும் கம்பெனிகள் லட்சக்கணக்கில் செலவிட்டு ஆறு மாதம் திரட்டும் தகவல்களைவிட அவை பழமையானவை, நீளமானவை. அப்படங்களை வாங்கிப் படித்த பின்பு, அந்தத் தோட்டத்தில் கங்காணியாகவோ பால்வெட்டுத் தொழிலாளியாகவோ இருந்த ஒரு முதியவரை அழைத்துக்கொண்டு பொறியாளர் ஒருநாள் அந்த நிலத்தை நடந்து பார்க்க வேண்டும். மழை வந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும் என்று அவர் கைகாட்டும் திசையில், முதல் தூணை நடுவதற்கு முன்பே, வடிகாலை வெட்டிவிடலாம்.